எரிந்தும் நம்பாத பொயிலர்

பொயிலர் பத்தவில்லை என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் நான் முதலில் கேட்பது, "என்ன சத்தம் கேட்டது?" என்றுதான். திரையில் விழுந்த எழுத்து, கொம்பனியின் பெயர், வாங்கிய வருடம் எல்லாம் பிறகு. லண்டன் வீடுகளின் சமையலறை அலுமாரிக்குள் தொங்கும் காஸ் பொயிலர் எதையும் ஓசைப்படாமல் செய்வதில்லை. அதன் ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம் உண்டு. எந்தப் படியோடு சத்தம் நின்றதோ அங்கேயிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.

ஈஸ்ட் ஹாமில் ஒரு அக்கா இருக்கிறார். ஊரில் கணக்கு ரீச்சராக இருந்தவர், அரைகுறையாக எதையாவது சொல்லித் தப்ப விடமாட்டார். அவருடைய பொயிலருக்கு வயது 15க்கு மேல். "தம்பி, டிக் டிக் டிக் எண்டு அடிக்குது. 'பப்' எண்டு ஒரு சத்தம். ரெண்டு மூண்டு செக்கனில நிண்டுபோகுது. திரும்பவும் டிக் டிக். கடைசியாச் சிவப்பு லைட்." இதைவிடத் திருத்தமான முறைப்பாட்டை நான் கேட்டதில்லை. அந்த 'பப்'பில்தான் விஷயமே இருக்கிறது. காஸ் வந்திருக்கிறது, பொறி விழுந்திருக்கிறது, நெருப்பும் பத்தியிருக்கிறது. பிறகு ஏன் நின்றது?

"அப்ப பத்தினது அதுக்கே தெரியேல்லையோ?" என்று தேத்தண்ணிக்குச் சீனி போட்டபடி கேட்டார்.

தெரியவில்லை என்பதுதான் பதில். வயதுபோன பொயிலர்களில் 'பத்தவில்லை' என்று எங்களிடம் வரும் கோளாறுகளில் ஒரு நல்ல பங்கு, பத்தியதை அது நம்பாத கோளாறு. நெருப்பு வராமல் இருப்பது ஒன்று, வந்த நெருப்புக்குச் சாட்சி இல்லாமல் போவது இன்னொன்று. இரண்டுக்கும் வெளியே தெரிவது ஒரே சிவப்பு விளக்கு. உள்ளே மாற்றவேண்டிய சாமான்கள் வேறு, செலவும் வேறு.

ஒரு பெட்டி ஏன் இவ்வளவு சந்தேகப்பட வேண்டும் என்றால், குழாயில் வருவது பெரும்பாலும் மீதேன். காற்றில் அதன் அளவு ஏறக்குறைய 5 வீதத்துக்குக் கீழே இருந்தால் பத்தாது, 15 வீதத்துக்கு மேலே போனாலும் பத்தாது. இடைப்பட்ட அளவு சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும், மூடிய பெட்டிக்குள் அது வெடிதான். வால்வு திறந்திருக்க நெருப்பில்லாமல் கழியும் ஒவ்வொரு வினாடியும் அந்த அளவை நோக்கிப் போகிறது. ஆகவே வால்வைத் திறந்தபின் சில வினாடிதான் தவணை. அதற்குள் நெருப்பு இருக்கிறது என்று ருசுவாகாவிட்டால் பொயிலர் வால்வை மூடி, உள்ளே கிடக்கும் காஸை ஃபானால் வெளியே தள்ளி, மறுபடி தொடங்கும். சில தடவை இப்படிப் பார்த்துவிட்டு, இனிமேல் மனிதர் ஒருவர் வந்து சொல்லட்டும் என்று பூட்டிக்கொள்ளும். அக்கா பார்த்த சிவப்பு லைட் அந்தப் பூட்டு.

பழைய காலத்தில் இந்த ருசு வேறுவிதமாக இருந்தது. அதைச் சொல்ல முன்னர் காஸ் மாறிய கதையைச் சொல்ல வேண்டும். ஈஸ்ட் ஹாமுக்குத் தெற்கே இருக்கிற பெக்ரனில் 1870இல் ஒரு பிரமாண்டமான காஸ் தொழிற்சாலை தொடங்கியது. நிலக்கரியை வாட்டிக் காஸ் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அந்தக் காஸிலேயே காபன் மொனொக்சைட்டு கலந்திருந்தது, எரியாமல் கசிந்தாலே ஆளைக் கொல்லும். வட கடலில் இயற்கை வாயு கிடைத்த பிறகு, 1967 முதல் 1977 வரை, வீடு வீடாகப் போய் அடுப்புகளையும் ஹீற்றர்களையும் புதிய காஸுக்கு ஏற்ப மாற்றினார்கள்.

அந்த மாற்றத்தை ஒட்டிய காலத்தில் ஏராளமான வீடுகளில் முன்னறை நெருப்படுப்புக்குப் பின்னால், புகைபோக்கியின் அடியில், பொயிலரைப் பொருத்தினார்கள். இப்போதும் சில வீடுகளில் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் பைலட் என்கிற குட்டிச் சுவாலை இரவு பகல் எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சுவாலைக்குள் தெர்மோகப்பிள் என்கிற கம்பியின் முனை நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிய முனை அது, சூடானால் ஏறக்குறைய 20, 30 மில்லிவோல்ற் மின்சாரம் பிறக்கும். அவ்வளவுதான், ஆனால் காஸ் வால்வில் உள்ள சின்ன மின்காந்தத்தைப் பிடித்து வைக்க அது போதும். பைலட் அணைந்தால் முனை ஆறும், காந்தம் விடும், காஸ் நிற்கும். வெளியிலிருந்து மின்சாரமே வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பாதுகாப்பு ஏற்பாடு இது.

பழைய பைலட் பொயிலரில் குமிழை அமத்திப் பிடித்திருக்கும்வரை பைலட் எரிந்து, கையை எடுத்ததும் அணைந்தால் முதல் சந்தேகம் தெர்மோகப்பிளில். விலை குறைந்த சாமான். சுவாலையே மெலிந்து மஞ்சளாக இருந்து முனையைத் தொடாமல் ஆடினால், பைலட்டின் ஊசித்துளை தூசியால் அடைபட்டிருக்கலாம். அணைந்த பைலட்டை உடனே பத்தவைக்கக் கூடாது, குறைந்தது 3 நிமிடம் பொறுக்க வேண்டும் என்று அந்தப் பொயிலர்களின் கதவிலேயே அச்சடித்திருக்கும். பைலட் பற்றி இவ்வளவு போதும். இன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருப்பது அதுவல்ல.

அக்காவின் வீட்டில் இருப்பது கொம்பி. தாங்கி இல்லாமல் குழாய்த் தண்ணியையும் ரேடியேற்றரையும் சேர்த்துச் சூடாக்கும் வகை. அதன் காலை எழும்பல் இப்படி இருக்கும். தெர்மோஸ்ராற் சூடு கேட்கும், அல்லது நீங்கள் சுடுதண்ணிக் குழாயைத் திறப்பீர்கள். ஒரு மெல்லிய முனகல் கேட்டால் அது பம்ப். பிறகு ஃபான் சுழன்று ஏறும், ஊளை மாதிரிச் சத்தம் கூடிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் பொயிலர் உள்ளே கிடக்கும் பழைய காற்றை வெளியேற்றுகிறது. காற்று உண்மையிலேயே ஓடுகிறதா என்று பழைய மாதிரிகளில் ஒரு அமுக்கச் சுவிட்ச் பார்க்கும், புதியவற்றில் ஃபானின் வேகத்தையே அளந்துவிடும். அது சரி என்றால் டிக் டிக் டிக் என்று தீப்பொறி. அதோடு 'கிளக்' என்று காஸ் வால்வு. உடனே 'பப்'. பிறகு சீரான இரைச்சல்.

ஒன்றுமே கேட்கவில்லை என்றால் கோளாறு நெருப்பில் இல்லை. மின்சாரம், ரைமர், தெர்மோஸ்ராற்றின் பற்றரி என்று போக வேண்டும். மணிக்கூடு மாற்றுகிற மார்ச்சிலும் ஒக்ரோபரிலும் ரைமரைத் திருப்பாமல் விட்டுவிட்டு "பொயிலர் செத்துப்போச்சு" என்று சொல்லும் வீடுகள் உண்டு. ஃபான் மட்டும் சுழன்று டிக் வரவில்லை என்றால் காற்றுப் பாதையைப் பார்க்க வேண்டும். வெளியே புகைக்குழாய் வாயில் குருவி கூடு கட்டியிருக்கும், அல்லது பின்பக்கம் புதிதாகப் போட்ட கூரை அந்த வாயை மறைத்திருக்கும். ஃபானின் பேறிங் தேய்ந்து வேகம் வராமலும் இருக்கலாம், அப்படியானால் பல நாள் முன்னரே கிறீச்சிட்டிருக்கும். டிக் வந்து 'பப்' வரவில்லை என்றால் காஸ் வரவில்லை, அல்லது பொறி விழவேண்டிய இடத்தில் விழவில்லை. 'பப்' வந்து சில வினாடியில் நின்றால், அக்காவின் கதை.

திரையில் விழும் எழுத்துகளும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன. வைலன்ற் பொயிலரில் எஃப் 28 என்றால் தொடக்கத்திலேயே பத்தவில்லை, எஃப் 29 என்றால் எரிந்துகொண்டிருந்த நெருப்பு அறுந்துவிட்டது. வூஸ்ரர் பொஷ்ஷில் ஈ.ஏ. என்றால் சுவாலை தென்படவில்லை. ஐடியலில் எல் 2, பக்சியில் ஈ 133 எல்லாம் அதே குடும்பம். தென்படவில்லை என்றுதான் அவை சொல்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. இந்த எழுத்தைப் பார்த்துவிட்டு நேரே காஸ் வால்வை மாற்றுகிறவர்கள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனிச் சாட்சி விஷயத்துக்கு வருவோம். அக்காவுக்கு இதை விளக்கியபோதுதான் தேத்தண்ணி ஆறிப்போனது.

நெருப்பு மின்சாரத்தைக் கடத்தும். சுவாலைக்குள் இருக்கும் சூட்டிலும் எரிதலிலும் வாயு மூலக்கூறுகள் உடைந்து அயன்களும் இலத்திரன்களும் உண்டாகின்றன. அதற்குள் ஒரு கம்பியை, அதாவது மின்வாயை, நீட்டி, ஆடலோட்ட மின்சாரம் கொடுத்தால் சுவாலை வழியாகப் பேர்ணருக்கு மின்னோட்டம் பாயும். பேர்ணர் நிலத்தொடுப்பில் இருக்கிறது. இவ்வளவும் சரி, ஆனால் ஈரம் பட்டாலும் மின்சாரம் பாயுமே, கம்பி தகரத்தில் முட்டினாலும் பாயுமே, அதைப் பார்த்து நெருப்பு என்று ஏமாறாதா?

"அதைத்தான் கேக்க வந்தனான்" என்றார் அக்கா.

அங்கேதான் இதைக் கண்டுபிடித்தவர்களின் கெட்டித்தனம். மின்வாய் ஒரு மெல்லிய கம்பி, பேர்ணர் அதைவிடப் பல மடங்கு பெரிய பரப்பு. அளவில் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் சுவாலை வழியாக மின்னோட்டம் ஒரு திசையில் சுலபமாகவும் மறுதிசையில் மிகக் குறைவாகவும் பாயும். ஆடலோட்டமாகக் கொடுத்தது ஒருதிசை ஓட்டமாகத் திரும்பி வரும். ஈரத்திலோ முட்டிய கம்பியிலோ இரண்டு திசையிலும் ஒரே அளவுதான் பாயும். சேர்க்கிற் போர்ட் தேடுவது அந்த ஒருதிசைத் தன்மையை. நெருப்பைத் தவிர அந்தப் பெட்டிக்குள் வேறெதுவும் சுலபத்தில் அப்படி நடந்துகொள்ளாது.

இந்தச் சாட்சியின் அளவு மிகச் சிறியது, சாதாரணமாக ஒரு சில மைக்ரோ அம்பியர். மேசை விளக்கில் இருக்கிற சின்ன எல்.இ.டி. பல்ப் இழுப்பதில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சின்னதை எதுவும் குழப்பும். மின்வாயில் வெள்ளைப் பொருக்குப் படிந்தால் குறையும். வருடக்கணக்கில் சூட்டில் நின்று முனை அரித்துப்போனால் குறையும். அதைத் தாங்கும் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் அந்த வழியால் ஒழுகும். வயரின் முனை கறுத்தால், நிலத்தொடுப்புத் திருகாணி துருப்பிடித்தால் குறையும். சில மாதிரிகளில் மின்சாரப் பெட்டியில் லைவும் நியூட்ரலும் மாறிக் கிடந்தாலே போர்ட் நெருப்பைக் காணாது. புதுப் பொயிலர் பூட்டிய முதல் நாளே 'பத்தவில்லை' என்றால் இதையும் பார்க்க வேண்டும்.

அக்காவின் பொயிலரில் கழற்றிய மின்வாயை மேசையில் பழைய பத்திரிகை விரித்து வைத்துக் காட்டினேன். நடுவிரல் நீளத்தில் இரண்டு கம்பிகள், வெள்ளைப் பீங்கான் காலோடு. முனைகள் மெலிந்து, ஒன்று சற்றே வளைந்து, சாம்பல் வெள்ளையில் ஓடு கட்டியிருந்தது. நகத்தால் சுரண்ட மாவாக உதிர்ந்தது. பொறி பாயவேண்டிய இடைவெளி இத்தகைய பொயிலர்களில் 3 முதல் 5 மில்லிமீற்றர் அளவில் இருக்கும், மாதிரிக்கு மாதிரி வேறுபடும். இங்கே கம்பி அரித்தரித்து இடைவெளி அகன்றிருந்தது. "இந்தத் துண்டுக்காகவே நான் ரெண்டு நாள் பச்சைத்தண்ணியில முகம் கழுவினனான்?" என்று அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பொறியே விழாத கோளாறும் இதே இடத்தில்தான். பொறி என்பது பல ஆயிரம் வோல்ற், அது எங்கே சுலபமோ அங்கே பாயும். பீங்கானில் வெடிப்போ, உயரழுத்த வயரின் தோலில் கீறலோ இருந்தால் பேர்ணருக்குப் போகாமல் பக்கத்துத் தகரத்துக்குத் தாவும். டிக் டிக் சத்தம் வழமைபோலக் கேட்கும், உள்ளே ஒன்றும் பத்தாது. ஈரமான காலையில் இது வரும், மத்தியானம் தானாகவே சரியாகும். ஆள் வந்து பார்க்கும்போது பொயிலர் உத்தமன் மாதிரி எரியும். அதனால்தான் எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று குறித்து வைக்கச் சொல்கிறேன். காலையில் மட்டுமா, மழைக்கா, காற்றுக்கா, ரேடியேற்றருக்கு எரிந்து குழாய்த்தண்ணிக்கு மட்டும் நிற்கிறதா? தொலைபேசியிலேயே இவற்றைச் சொன்னால் வருகிறவர் சரியான சாமானை வானில் போட்டுக்கொண்டு வரலாம்.

காஸ் போதாமல் வரும் கோளாறு எங்கள் ஆட்களின் வீடுகளில் கொஞ்சம் அதிகம் என்று எனக்கு ஒரு எண்ணம். பின்வளவில் தனிச் சமையலறை கட்டி, பெரிய அடுப்பொன்றை வைத்து, இருந்த குழாயிலேயே கிளை எடுத்துவிடுவார்கள். வீட்டு மீற்றரில் காஸ் அமுக்கம் 21 மில்லிபார் அளவில்தான் இருக்கும். மீற்றரிலிருந்து பொயிலர் வரைக்கும் குழாயில் 1 மில்லிபாருக்கு மேல் இழக்கக் கூடாது என்பது விதி. சுடுதண்ணிக்கு 30 கிலோவாற் இழுக்கும் கொம்பிக்கு 15 மில்லிமீற்றர்க் குழாயில், அதுவும் நீளமாக வளைந்து வளைந்து வந்தால், இது சுலபமில்லை. மாடியில் ஒருவர் குளிக்கும்போது கீழே குழாயைத் திறந்தால் ஷவர் மெலிகிற மாதிரி, பின்னால் இடியப்பச் சட்டிக்குக் கீழே நான்கு பேர்ணரும் எரிகையில் பொயிலர் எழும்பப் பார்த்தால் நெருப்பு மெலிந்து அறுந்துபோகும். பொயிலரில் பிழை எதுவும் இராது. சமையல் நேரத்தில் மட்டும் எஃப் 29 வருகிற வீட்டில் நான் முதலில் பார்ப்பது குழாயை.

சரி, ஆளைக் கூப்பிட முன்னர் நீங்களே பார்க்கக்கூடியவை என்ன? அடுப்பைப் பத்தவையுங்கள். அடுப்பும் எரியாவிட்டால் காஸே இல்லை, முற்பண மீற்றரில் காசு முடிந்திருக்கலாம். பொயிலர் ஆறியிருக்கும்போது அதன் தண்ணி அமுக்கமானி 1க்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்கவேண்டும், கீழே போயிருந்தால் தண்ணியை நிரப்ப வேண்டும். இவற்றில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதிகம் சொல்லவேண்டியது பனிக்காலக் குழாயைப் பற்றி.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் 1 முதல், ஒருசில விதிவிலக்குத் தவிர, புதிதாகப் பூட்டும் காஸ் பொயிலர் கொண்டென்சிங் வகையாக இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. காஸ் எரிந்தால் நீராவி பிறக்கும். பழைய பொயிலர்கள் அந்த ஆவியைப் புகையோடு வெளியே விட்டுவிடும். புதியவை அதைத் தண்ணியாக ஒடுக்கி, அதிலிருந்த வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும். காசுக்கு நல்லது. ஆனால் ஒடுங்கிய தண்ணி, மெல்லிய அமிலத்தன்மையோடு, ஒரு பிளாஸ்ரிக் குழாயால் வெளியேற வேண்டும். பல வீடுகளில் அந்தக் குழாய் 21.5 மில்லிமீற்றர் தடிப்பில், சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே, வடக்குப் பார்த்த மதிலோரம் போகிறது. உறைபனி இரவில் அதற்குள் தண்ணி கட்டியாகும். பின்னால் வரும் தண்ணி போக வழியில்லாமல் பொயிலருக்குள்ளேயே ஏறி எரியறையை நனைக்கும், மின்வாயையும் நனைக்கும். திரையில் விழுவது அதே 'சுவாலை தென்படவில்லை'. 2010 டிசம்பர் பிரித்தானியாவில் நூறு வருடத்துக்கு மேலாகக் காணாத குளிர் டிசம்பர். பொயிலர் பத்தவில்லை என்று நாடு முழுவதும் தொலைபேசிகள் அடித்தன, பெருமளவுக்குக் காரணம் இந்தக் குழாய்.

பூட்டிக்கொள்ள முன்னர் உள்ளே 'களக் களக்' என்று தண்ணி புரளும் சத்தம் கேட்டால், வெளியே உறைபனி இருந்தால், முதலில் அந்தக் குழாயைத் தேடுங்கள். சுடுதண்ணிப் போத்தலைத் துணியால் சுற்றிக் குழாயில் கட்டலாம், அல்லது கைபொறுக்கும் சூட்டுத் தண்ணியை மெதுவாக ஊற்றலாம். கொதிதண்ணி ஊற்றினால் குழாய் வெடிக்கும், நிலத்தில் வழிந்தது உறைந்து உங்களையே விழுத்தும். இளகி ஓடியபின் றீசெற் பொத்தானை ஒருமுறை அமத்தினால் பொதுவாக எழும்பிவிடும். நிரந்தர மருந்து, வெளியே போகும் பகுதியை 32 மில்லிமீற்றருக்கு மாற்றி, நீளத்தைக் குறைத்து, மேலே நுரையுறை போடுவது. இது காஸ் வேலை அல்ல, செலவும் பெரிதில்லை, ஆனாலும் ஒவ்வொரு வருடமும் பனி வந்தபிறகுதான் ஞாபகம் வரும்.

றீசெற் பொத்தானைப் பற்றி அக்காவோடு எனக்குச் சின்ன வாக்குவாதம். அவர் அன்று காலை அதைத் திரும்பத் திரும்ப அமத்தியிருந்தார். ஒருமுறை அமத்திப் பார்ப்பதில் பிழையில்லை, இரண்டாம் முறையும் பொறுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். பூட்டிக்கொண்டது கெட்டுப்போன பொயிலர் அல்ல, தன் வேலையைச் செய்த பொயிலர். ஒவ்வொரு றீசெற்றிலும் மறுபடி காஸ் திறக்கிறது, மறுபடி பத்தாமல் போகிறது. 'பப்'புக்குப் பதிலாக 'டமார்' என்று பெரிய சத்தத்தோடு பத்தத் தொடங்கினால் அது காஸ் சேர்ந்தபிறகு தாமதித்துப் பத்துகிறது என்று அர்த்தம். அன்றோடு நிற்பாட்டி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடவேண்டும், இன்னொரு முறை பார்ப்போம் என்ற பேச்சே இல்லை.

மூடியைக் கழற்றலாமா என்று யாராவது கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான். பல பொயிலர்களில் அந்தத் தகர மூடியே எரியறையின் காற்றடைப்பு. அது சரியாக மூடாவிட்டால் புகை வீட்டுக்குள் வரும். மின்வாயைக் கழற்றினால் அதன் அடியில் இருக்கும் கஸ்கெற்றையும் புதிதாகப் போட வேண்டும், பிறகு புகையை அளந்து எரிதல் சரியா என்று பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் காஸ் வேலை செய்ய காஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும் என்பது சட்டம். 2009 ஏப்ரலில் பழைய கோர்கிப் பதிவேட்டுக்குப் பதிலாக வந்தது அது. வருகிறவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள், அதன் பின்பக்கத்தில் அவருக்கு எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கும். ஊர்க்காரன், மச்சானுக்குத் தெரிந்தவன் என்று கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுவதில்தான் எங்கள் வீடுகளில் பாதிப் பிரச்சினை. காஸ் மணத்தாலோ, காபன் மொனொக்சைட்டு அலாரம் அடித்தாலோ சுவிட்ச் எதையும் தொடாமல் யன்னலைத் திறந்து, மீற்றரடிக் கைபிடியைத் திருப்பிக் காஸை மூடி, வெளியே வந்து 0800 111 999க்கு அழைக்க வேண்டும். வாடகை வீடென்றால் வருடம் ஒருமுறை காஸ் பரிசோதனை வீட்டுக்காரரின் கடமை. 2022 ஒக்ரோபர் முதல் இங்கிலாந்தில், பொயிலர் இருக்கும் அறையில் அந்த அலாரம் வைப்பதும் அவருடைய கடமைதான்.

வருகிறவர் நல்ல ஆளா என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரு வழி உண்டு. அவர் முதலில் எதை எடுக்கிறார் என்று பாருங்கள். அமுக்கமானியை எடுத்துக் காஸ் அளந்து, பொறியைப் பார்த்து, சுவாலை மின்னோட்டத்தை அளக்கிறவர் வேலை தெரிந்தவர். வந்ததும் வராததுமாக "சேர்க்கிற் போர்ட் போயிட்டுது" என்கிறவரிடம் எதை அளந்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். போர்ட்டும் பழுதாவதுண்டு, ஆனால் அந்த வரிசையில் அது கடைசியில் நிற்கவேண்டிய சாமான், விலையோ முதலில் நிற்கும். புதுப் போர்ட் போட்டும் அரித்த மின்வாய் அரித்தபடியே இருந்தால் அடுத்த கிழமை அதே சிவப்பு லைட்.

அக்காவின் பொயிலரில் மின்வாய்த் தொகுதி, கஸ்கெற், உயரழுத்த வயர் மூன்றும் மாறின. நிலத்தொடுப்புத் திருகாணியைச் சுரண்டி இறுக்கியதும் சாட்சி மின்னோட்டம் நன்றாக ஏறிவிட்டது. "இதை இன்னும் எத்தனை வருசம் வைச்சிருக்கலாம், அல்லாட்டி மாத்தட்டோ?" என்று கேட்டார். மின்வாய், ஃபான், வயர் போன்ற சாமான்கள் கிடைக்கும்வரை, 15 வருடப் பொயிலரைக்கூடத் திருத்தி ஓட்டலாம். வெப்பமாற்றி ஓட்டையாகிவிட்டால், அல்லது அந்த மாதிரிக்குச் சாமான் வருவது நின்றுவிட்டால், திருத்தக் கொடுக்கும் காசு வீண். மாற்றுவதென்று முடிவெடுத்தால் கொண்டென்சிங் குழாயையும் காஸ் குழாயின் தடிப்பையும் விலைக்கூற்றிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வெப்பப் பம்புக்குப் போவதென்றால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்ட் அரசு மானியம் இருக்கிறது, ஆனால் ரேடியேற்றர்கள் சிலவற்றைப் பெருப்பிக்க வேண்டியிருக்கும், தண்ணித் தாங்கிக்கு இடமும் வேண்டும். எதுவானாலும் ஜனவரியில், வீடு உறைந்து கிடக்கும்போது, கிடைத்த ஆளைப் பிடித்துக் கிடைத்த பெட்டியைப் பூட்டாமல், வெயில் காலத்தில் மூன்று பேரிடம் விலை கேட்டு ஆறுதலாக மாற்றுங்கள் என்றேன்.

"ஆனியில ஆருக்குத் தம்பி பொயிலர்ர ஞாபகம் வரும்?" என்றார் அக்கா.